ஆற்றில் மறைந்த கவிஞருக்கு ஒரு திருநாள்



சீனர்களின் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம், ஐந்தாம் நாள். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். அன்று சீனாவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் முரசு அதிரும். டிராகன் தலை பொருத்திய நீளப் படகுகள் முரசின் தாளத்துக்குத் துடுப்புப் போட்டுச் சீறிப் பாயும். துவான்வூ என்ற இந்தத் திருநாளை டிராகன் படகுத் திருவிழா என்றும் சொல்கிறார்கள்.

இதன் வேர் நோய் பற்றிய அச்சத்தில் இருக்கிறது. ஐந்தாம் மாதத்தைப் பழங்காலச் சீனர்கள் நச்சு மாதம் என்றார்கள். வெக்கையும் ஈரமும் கூடும் காலம் அது. பாம்பு, தேள், பூரான் எல்லாம் வெளியே வரும், காய்ச்சலும் பரவும். அதனால் வசம்புத் தழையையும் மாசிபத்திரியையும் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டார்கள். பிள்ளைகளின் மணிக்கட்டில் ஐந்து வண்ண நூல் கட்டினார்கள். கைக்குழந்தைக்கு வசம்பு வளையல் போடும் நம் வீடுகளுக்கு இந்த அக்கறை நன்றாகவே புரியும்.

இந்த நாளோடு பின்னர் ஒரு மனிதரின் நினைவும் சேர்ந்துகொண்டது. அவர் பண்டைச் சீனாவில் இருந்த சூ நாட்டின் அமைச்சர், கவிஞர் சூ யுவான். வலுத்துவரும் சின் நாட்டை நம்ப வேண்டாம் என்று மன்னரிடம் எடுத்துச் சொன்னார். அரண்மனையில் கோள் சொன்னவர்களின் பேச்சே எடுபட்டது. அவர் நாடு கடத்தப்பட்டார். கி.மு. 278இல் சின் படை சூ நாட்டின் தலைநகரைப் பிடித்தது. மனம் உடைந்த அவர், இன்றைய ஹுனான் மாகாணத்தில் ஓடும் மிலுவோ ஆற்றில் இறங்கி உயிரை விட்டார் என்கிறது வரலாறு.

செய்தி கேட்ட ஊர் மக்கள் படகுகளில் விரைந்து தேடினார்களாம். உடலை மீன்கள் தீண்டாதிருக்க ஆற்றில் சோற்றை இறைத்தார்களாம். படகுப் போட்டிக்கும் ட்சொங்ஸ் என்ற பண்டத்துக்கும் மக்கள் சொல்லும் காரணம் இதுதான்.

ட்சொங்ஸ் செய்வது பொறுமை கேட்கும் வேலை. பசைத்தன்மையுள்ள அரிசியை ஊற வைப்பார்கள். மூங்கில் இலையையோ நாணல் இலையையோ கூம்பாக மடித்து, அரிசியை நிரப்பி, நடுவில் பூரணம் வைத்து, மூலைகள் பிதுங்காமல் மூடி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். பிறகு மணிக்கணக்கில் வேகும். இலையின் மணம் அரிசிக்குள் இறங்கிவிடும். வடக்கே பேரீச்சை போன்ற சிவப்பு இலந்தை வைத்து இனிப்பாகச் செய்வார்கள். தெற்கே பன்றி இறைச்சி வைத்து உப்புச் சுவையாகச் செய்வது வழக்கம்.

எல்லா ஊரிலும் கதை ஒன்றல்ல. சூஜோ பகுதியில் வூ நாட்டு அமைச்சர் வூ ட்சூசூவை நினைக்கிறார்கள். ஷாவ்சிங் பகுதியில், ஆற்றில் மூழ்கிய தந்தையைத் தேடி உயிர்விட்ட சாவ் அ என்ற சிறுமியை நினைக்கிறார்கள்.

2008 முதல் சீனாவில் இந்நாள் அரசு விடுமுறை. 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சூ யுவானைத் துரத்திய மன்னருக்குத் திருநாள் இல்லை. உண்மையைச் சொல்லித் துன்பப்பட்டவரைத்தான் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள். துவான்வூவின் பெருமை அதுதான்.