ஒரு கண் அறுந்தால்

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் மாதச் சம்பளம் கிடையாது. வலையில் விழுவதுதான் வருமானம். முகத்துவாரம் மணல் மூடினால் அதுவும் மெலிந்துபோகும். கிடைப்பதே வயிற்றுக்குப் பற்றவில்லை, இதில் சேமிப்பு எங்கே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் போகவிருந்த காசு போகாமல் நிற்பதும் சேமிப்பே. வலையில் ஒரு கண் அறுந்த அன்றே ஊசியும் நூலும் எடுத்து முடிச்சுப் போட்டால் ஐந்து நிமிட வேலை. விட்டுவைத்தால் அடுத்த நாள் நண்டு அதைக் கையகலப் பொத்தலாக்கிவிடும். மீனும் போகும், புது வலைத்துண்டுக்குக் காசும் போகும். விலைபோகாத மீனை உப்பிட்டுக் காயவைப்பதும் இதே கணக்குத்தான்: இன்றைய கருவாடு, மழைக்காலத்துக் குழம்பு.

கையில் காசு நின்றால் செலவாகிவிடுமே என்பார்கள். அதற்கென்றே இருக்கிறது தேசிய மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம். கடல் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த பருவத்தில் 4,500 ஆகத் தருகின்றன. மீனவ மகளிருக்கும் இதே அளவில் தனித் திட்டம் உண்டு. அந்த 1,500-ஐ ஒரே நாளில் புரட்டப் போனால் வட்டிக்குக் கை நீளும். ஒன்பது மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள், நாளுக்கு ஆறு ரூபாய்கூட வராது. ஒரு டீயின் விலையைவிடக் குறைவு.