கை வேலையும் கவிதையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இச்சங்கத்தின் மலர்கள் மூன்றில் இதுவரை எம் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. படித்துப் பாராட்டியவர்களும் உளர். இன்று ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது நலம். அம்மூன்றும் பிறர் நூல்களிலிருந்து எடுத்துக் கோத்தவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாளை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்வோம். சொந்தமாக ஒரு வரியும் வாராது. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவர்க்கு இவ்வளவுதான் வாய்க்கும் என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

சென்ற மழைக்காலத்தில் எம் மனைவியார் துவைகல்லருகே வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மக்கள் இருவரும் பள்ளி செல்பவர்கள். ஆகவே அடுக்களை எம் பொறுப்பில் வந்து சேர்ந்தது. முதல் வாரத்தின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அதை அண்டை வீட்டார் அறிவர். குழம்பு கொடுத்துக் காத்தவர்களும் அவர்களே.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் வாழைப்பூ வந்தது. நம் ஜல்காவ் மாவட்டம் வாழைக்குப் பேர்போனது என்பது தெரிந்ததே. வேலை முடிந்து வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மோர் கலந்த நீரை அருகில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். மடலை விரித்து, வரிசையாக இருக்கும் பூக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கள்ளனைக் கிள்ளி எறிய வேண்டும். எத்தனை பூ! முதற் கால்மணி நேரம் சினமே மிகுந்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, கை வேலையைக் கற்றுக்கொண்டு மனத்தை விட்டுவிட்டது. ‘ஒவ்வொரு பூவிலும் வேகாத ஒன்று ஒளிந்திருக்கிறது’ என்று ஒரு வரி தானாக வந்து நின்றது. அதைத் தொடர்ந்து எம் அன்னையார் வந்தார். ஊரில் திண்ணையில் அமர்ந்து அவரும் இப்படியே ஆய்வார். ஆய்ந்துகொண்டே எதையோ முணுமுணுப்பார். அது பாட்டு என்று யாம் ஒருநாளும் எண்ணியதில்லை. இன்று அன்னையார் இல்லை. மெட்டு மட்டும் காதில் இருக்கிறது. சொல் ஒன்றுகூட நினைவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த மகன் பக்கத்திலேயே அமர்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தான் என்பதை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

வந்த வரியை மனைவியாரிடம் சொன்னோம். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னோம். “இப்போதுதான் கண்டுபிடித்தீர்களா? இருபது வருஷமாக எனக்கு அப்படித்தான். எழுதி வைக்கக் கை காலியாக இருந்ததில்லை. இப்போது கை காலி; எழுத முடியாது” என்று மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டு வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் வள்ளைப் பாட்டை வைத்தார். வள்ளையாவது, உலக்கை பிடித்துக் குற்றும் மகளிர் பாடுவது. மணிவாசகர் பாடிய திருப்பொற்சுண்ணமும் இடிப்போர் பாட்டாகவே அமைந்தது. உலக்கை விழும் தாளம் பாட்டுக்கு அளவு கொடுத்தது. (இன்றைய மிக்ஸியோடு பாட முடியாது, கத்தத்தான் முடியும். அது கிடக்க.) குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர்கிழார், தயிர் பிசைந்த விரலையும் தாளிப்புப் புகை எழுந்த கண்ணையும் நமக்குக் காட்டுகிறார். படிக்கப் படிக்கத் தெவிட்டாத பாட்டு. ஆயினும் இம்மூன்றையும் இயற்றியோர் ஆடவர். சங்க காலத்தில் பெண்பாற் புலவர் பலர் இருந்தனர் என்பதை மறக்கவில்லை. ஆனால் உரலருகே நின்று முதன்முதலில் பாடியவள் பெயரை யார் அறிவார்?

அப்படிப் பாடிய ஒருவரின் பெயர் நிலைத்த வரலாறு, நாம் பிழைக்க வந்த இம்மண்ணிலேயே இருக்கிறது. ஜல்காவை அடுத்த ஆசோதா என்னும் சிற்றூரில் 1880இல் பிறந்தவர் பகிணாபாய் சௌத்ரி. இளமையிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்து, வயலிலும் வீட்டிலும் உழைத்து மக்களை வளர்த்தவர். எழுத்தறியாதவர். மாவு அரைக்கும்போதும் வயலில் நிற்கும்போதும் தம் ஊர்ப் பேச்சிலேயே பாடினார். திரிகை, அடுப்பு, விதைப்பு, தூக்கணாங்குருவியின் கூடு எல்லாம் அவர் பாட்டில் வந்தன. அவர் மகன் சோபான்தேவ் தாமும் கவிஞர். அன்னை பாடியவற்றை எழுதி வைத்தார். 1951இல் அம்மையார் மறைந்தார். மறு ஆண்டே, ஆச்சார்ய அத்ரே அவர்களின் முன்னுரையோடு அப்பாடல்கள் நூலாயின. 2018இல் ஜல்காவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினர். எழுதத் தெரியாத பெருமாட்டியின் பெயர் இன்று பட்டத் தாளில் அச்சாகிறது! அந்த மகன் மட்டும் காகிதத்தை எடுக்காமல் இருந்திருந்தால்? யாம் எடுக்கவில்லையே.

அன்று முதல் ஓர் ஏற்பாடு செய்தோம். பால் கணக்கு எழுதும் தாளை அடுக்களைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, நூலில் ஒரு பென்சிலையும் கட்டினோம். யாம் பாத்திரம் தேய்ப்போம். அவர் வாசற்படியில் அமர்ந்து சொல்வார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவோம். துடைப்பதற்குள் மறந்துபோனவை உண்டு. அதற்கு வசவும் உண்டு. சரக்கு அலுவலகத்தில் ஆயிரமாயிரம் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர்க்கு, இந்த நான்கு வரிகளை விடாமல் பிடிப்பது எளிதாக இல்லை.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அடுப்பு அவரிடம் திரும்பிற்று. வாழைப்பூவும் இரவுப் பாத்திரங்களும் எம்மிடமே நிற்கின்றன. தாளும் இறங்கவில்லை, பால் கணக்குக்குக் கீழே இன்று பதினொரு பாட்டுகள் உள்ளன. இம்மலருக்கு இரண்டேனும் தருக என்று மலர்க் குழுவினர் கேட்டனர். மனைவியாரிடம் சொன்னோம். “நீங்கள் எழுதியதில் ஏழெட்டுப் பிழை இருக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள், அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

அதோ மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். திருத்திக்கொண்டிருக்கிறோம்.