காசு போட்டுக் கட்டிய கல்லூரி
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன். வேல்ஸ் நாட்டில் கடலோரமாக அபெரிஸ்ட்வித் என்று ஒரு ஊர். அங்கே ஒரு கல்லூரி. அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1847-இல் ஆங்கில அரசு வேல்ஸ் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரிக்கப் போன மூவரும் ஆங்கிலேய வக்கீல்கள். ஒருவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது! மக்கள் அறிவிலிகள், ஒழுக்கம் குறைந்தவர்கள், அதற்கு அவர்களுடைய மொழியும் ஒரு காரணம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அறிக்கையின் அட்டை நீல நிறம். 'நீலப் புத்தகத் துரோகம்' என்று வேல்ஸில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும், அதற்கு நூறு வருஷம் முன்பே கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் போகும் பள்ளிகளை நடத்தினார். பண்ணை வேலை குறைந்த குளிர்காலத்தில் மூன்று மாதம். தாய்மொழியிலேயே வேதாகமம் படிக்கக் கற்றுக்கொடுப்பது. அவ்வளவுதான் பாடத்திட்டம். 1761-இல் அவர் இறப்பதற்குள் 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்திருந்தன. படிப்பில் ஆசை இல்லாத ஜனங்களா இவர்கள்?

அந்த அவமானம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. ஹியூ ஓவன் என்ற அரசு ஊழியர் கல்லூரிக்காக அலைந்தார். ரயில்பாதைக் குத்தகைக்காரர் ஒருவர் பெரிய ஹோட்டல் கட்டி நொடித்துப்போனார். அது 10,000 பவுனுக்கு வந்தது. 1872-இல் அந்த ஹோட்டலிலேயே கல்லூரி ஆரம்பம். மாணவர்கள் 30 பேர்கூட இல்லை. அரசு மானியமும் வரவில்லை. 1875-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் 'கல்லூரி ஞாயிறு' என்று வைத்து, ஆலயங்களில் தட்டு ஏந்தினார்கள். சுரங்கத் தொழிலாளி, குத்தகை விவசாயி, வேலைக்காரப் பெண் எல்லாரும் பென்னி பென்னியாகப் போட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். 1885-இல் கட்டடம் தீப்பிடித்தது. அணைக்கப் போன மூன்று பேர் உயிர் போயிற்று. அதற்குப் பிறகும் வசூல் பண்ணித்தான் எழுப்பினார்கள். 1892-இல் பழைய மாணவர் சங்கமும் தொடங்கிவிட்டார்கள்!

ஆனால் ஒன்று. வெல்ஷ் பேசுகிறவர்களின் காசில் வந்த அந்தக் கல்லூரியில் பாடம் நடந்தது ஆங்கிலத்தில். ஆங்கிலம் படித்தால்தான் முன்னேற்றம் என்று ஓவனே நம்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளை எங்கே சேர்த்தோம் என்று நாமும் யோசித்துப் பார்க்கலாம்.

1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் வானொலியில் பேசினார். இப்படியே போனால் இந்த மொழி செத்துப்போகும் என்றார். அந்த வருஷமே மொழிச் சங்கம் பிறந்தது. 1963 பிப்ரவரியில், கோர்ட் சம்மன் வெல்ஷ் மொழியில் வேண்டும் என்று மாணவர்கள் அதே அபெரிஸ்ட்வித் தபாலாபீசில் சுவரொட்டி ஒட்டினார்கள். கைதாக வேண்டும் என்றே போனார்கள், போலீஸ் பிடிக்கவில்லை! சரி என்று ட்ரெவெக்கன் பாலத்தில் போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி எதுவும் நகரவில்லை.

வெல்ஷ் மொழிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து சட்டத்தில் ஏறியது 2011-இல். பாலத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அப்போது எழுபது வயது.