பர்வதிக் குன்றும் புனே நகரும்

புனே நகரின் தென்புறத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 அடி உயரத்தில் நிற்கும் பர்வதிக் குன்று, மராட்டிய நாட்டின் புகழ்பெற்ற மலைகளுள் கோட்டையாக ஆக்கப்படாத ஒன்று. சிவாஜியின் அரசு ராஜ்கட், ராய்கட் போன்ற மலைக்கோட்டைகளில் வேரூன்றியது. அவருடைய வழித்தோன்றல்களிடம் தலைமை அமைச்சராயிருந்து, பின்னர் அப்பதவியைப் பரம்பரை உரிமையாக்கிக்கொண்டு நாட்டையே ஆண்ட பேஷ்வாக்களோ, 1730இல் அடிக்கல் நாட்டப்பட்ட சனிவார் வாடா அரண்மனையைச் சமவெளியிலேயே கட்டிக்கொண்டு, குன்றை வழிபாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கினர்.

குன்றின் உச்சியிலுள்ள தேவதேவேசுவரர் கோயிலை, நானாசாகேப் என்று அழைக்கப்பட்ட பேஷ்வா பாலாஜி பாஜிராவ் 1749இல் கட்டி முடித்தார். அவருடைய தாய் காசிபாயின் கால்நோய், அங்கிருந்த அம்மனை வேண்டிக்கொண்டதால் தீர்ந்தது என்றும், அந்த நேர்த்திக்கடனாகவே கோயில் எழுந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நடுவில் சிவன் சன்னிதியும் நான்கு மூலைகளில் கதிரவன், விநாயகர், அம்மன், திருமால் ஆகியோரின் சிறு சன்னிதிகளும் கொண்ட இவ்வமைப்புக்குப் பஞ்சாயதனம் என்று பெயர். அடிவாரத்திலிருந்து 103 படிகள் மட்டுமே உள்ளன. திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. உச்சியில் கார்த்திகேயருக்கும் கோயில் உண்டு என்பதால் குன்று இருக்கும் இடமெல்லாம் முருகன் என்று தமிழர் மகிழலாம். ஆனால் வள்ளி தெய்வானையை அங்கே தேடிப் பயனில்லை. மராட்டிய மரபில் கார்த்திகேயர் பிரம்மச்சாரி, விநாயகருக்கோ இரு மனைவியர். தமிழ்நாட்டு வழக்கு அப்படியே தலைகீழாகியிருக்கிறது.

கோயிலோடு நானாசாகேபின் திருப்பணி நின்றுவிடவில்லை. அடிவாரத்தில் ஓடிய ஆம்பில் ஓடையின் நீரைத் தேக்கி அவர் ஓர் ஏரியை உண்டாக்கினார். அதன் நடுவிலிருந்த தீவில் 1784இல் பேஷ்வா சவாய் மாதவராவ் காலத்தில் விநாயகர் கோயில் எழுந்தது. ஏரி வற்றிப் பூங்காவான பின்னும், சாரஸ்பாக் என்ற அவ்விடத்து விநாயகரைப் புனே மக்கள் குளத்துப் பிள்ளையார் என்ற பொருளிலேயே இன்றும் குறிப்பிடுகின்றனர். ஏரியை விடவும் பர்வதியின் பெயரைத் தொலைதூரத்துக்குப் பரப்பியது, அடிவாரத்தில் ரமணா என்ற பெயருடன் சுவர் எழுப்பி வளைக்கப்பட்டிருந்த ஒரு வெளி. ஆவணி மாதத்தையொட்டிய சிராவண மாதத்தில் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடிய பிராமணர்களுக்கு, அரசின் தட்சிணை, அதாவது கல்விக்கும் வைதிகத்துக்குமான பொற்கொடை, அவ்வெளியில் வழங்கப்பட்டது. அரசு வருவாயின் ஒரு பகுதி ஒரே வகுப்பாரிடம் சென்று சேரும் வாயிலாக இருந்த அந்த வெளி, பேஷ்வா ஆட்சியின் இயல்பை அரண்மனையை விடத் தெளிவாகக் காட்டுகிறது என்றே சொல்லவேண்டும்.

1761 சனவரி 14 அன்று மூன்றாம் பானிப்பட்டுப் போரில் மராட்டியப் படை அழிந்தபோது, நானாசாகேப் தம் மூத்த மகன் விசுவாசராவையும், சிற்றப்பன் மகனும் படைத்தலைவருமான சதாசிவராவ் பாவுவையும் இழந்தார். அத்துயரிலிருந்து மீளாமலே, அதே ஆண்டு சூன் 23 அன்று, தாம் கோயில் எழுப்பிய குன்றிலேயே அவர் உயிர்நீத்தார். அவருடைய நினைவிடம் இன்றும் அங்கு உள்ளது. ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1817 நவம்பர் 5 அன்று, அவருடைய தம்பி மகனான பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் அதே உச்சியிலிருந்து வடமேற்குத் திசையை நோக்கினார். இப்போது சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் அமைந்துள்ள கணேச கிண்டுக்கும் கட்கிக்கும் இடைப்பட்ட வெளியில், பாபு கோகலே நடத்திய பெரும்படை, எண்ணிக்கையில் பல மடங்கு சிறியதாயிருந்த ஆங்கிலேயக் கும்பினிப் படையிடம் பின்வாங்கியது. பன்னிரண்டு நாட்களில் நகரமும் கைமாறியது. படைக்கு முன்னால் நிற்கவேண்டிய அரசர் கோயிலிலிருந்து போரைப் பார்த்தார் என்பதை மராட்டியர் இன்றும் கசப்போடுதான் நினைவுகூர்கின்றனர்.

புதிய ஆட்சியாளரான எல்பின்ஸ்டன், தட்சிணையை ஒரேயடியாக நிறுத்தினால் வைதிகர் பகைமை வளரும் என்று அஞ்சி, அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821இல் புனேயில் சமஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கினார். தெக்கான் கல்லூரியின் மூலவேர் அதுவே. சமஸ்கிருத அறிஞர் ரா. கோ. பண்டார்கர் தம் இளமையில் பெற்ற தட்சிணை உதவித்தொகை, இந்தப் பழைய கொடையின் மாறிய வடிவம்தான். ரமணாவில் கைநீட்டிப் பெறப்பட்ட பணம், இரண்டு தலைமுறைக்குள் நவீன ஆய்வுக்கு முதலானது.

எனினும் குன்றின் படிகள் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1929 அக்டோபர் 13 அன்று, சிவராம் ஜானபா காம்ப்ளே, பா. நா. ராஜ்போஜ் முதலிய தலித் தலைவர்களும், எஸ். எம். ஜோஷி, காகாசாகேப் காட்கில் போன்ற காங்கிரசு இளைஞர்களும் கோயில் நுழைவு கோரிப் படியேறியபோது, வைதிகர் கூட்டம் கல்லெறிந்து தாக்கியது, ராஜ்போஜ் காயமுற்றார். வைக்கம் போராட்டம் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும், நாசிக் காளாராம் கோயில் போராட்டத்துக்குச் சில மாதங்கள் முன்னும், மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்குப் பத்தாண்டுகள் முன்னும் நிகழ்ந்த இப்போராட்டம் உடனே வெற்றி பெறவில்லை. பம்பாய் மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. பேஷ்வா வரலாற்றை விரித்துரைக்கும் வழிகாட்டி நூல்கள் இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் ஒரு வரியிலேயே கடந்துவிடுகின்றன.

இன்று குன்றின் சரிவில் ஜனதா வசாகத் என்னும் நெருக்கமான குடிசைப்பகுதி படர்ந்திருக்கிறது. உச்சியில் பேஷ்வா அருங்காட்சியகம் நடைபெறுகிறது. புனே செல்லும் தமிழர்கள் விடியற்காலையில், நடைப்பயிற்சிக்காக நகரத்தார் ஏறும் நேரத்திலேயே சென்றால், கோயிலைப் பார்த்ததோடு திரும்பாமல் நானாசாகேப் நினைவிடத்துக்கும், போர் நடந்த திசையை நோக்கும் வடமேற்கு மூலைக்கும் நடந்து பார்க்கட்டும். தென்மேற்கில் சிங்ககட் கோட்டை தெளிவாகத் தெரிவதற்கு மழைக்காலம் முடிந்தவுடன் வரும் மாதங்களே ஏற்றவை.