‘வரலாம், வரலாம்’ சொல்ல ஒரு ஆள் வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆற்றிய உரை)

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் நல்ல பழக்கம், பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்கு நம் கேட் அருகே நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2012 ஜூலையில், சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் ஓடும் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கு எனத் தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர் எல்லாம் அதில் உண்டு.

பத்து ஆண்டு கழித்து, 2022 மார்ச் 28 அன்று, சென்னை ஆழ்வார்திருநகரில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இன்னொரு குழந்தை இறந்தான். அவனும் இரண்டாம் வகுப்பு. வேனை விட்டு இறங்கியவன், உள்ளே விட்ட பொருளை எடுக்கத் திரும்பினான். அதே ஆண்டு, பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

அந்தப் பிள்ளை சேட்டை எதுவும் செய்யவில்லை. பொருளைத் தொலைக்காதே என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான். அதனால் ‘பத்திரமா இரு கண்ணு’ என்று சொன்னால் மட்டும் போதாது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். ‘எதை மறந்தாலும் வேனுக்குத் திரும்பிப் போகாதே. ஆயாம்மாவிடம் சொல். டிபன் பாக்ஸ் போனால் போகட்டும், யாரும் திட்ட மாட்டோம்.’ கடைசி வாக்கியம் முக்கியம். திட்டு விழும் என்ற பயம்தான் பிள்ளையைத் திரும்பி ஓட வைக்கும்.

‘ஓடாதே’ என்று கத்துவதைவிட, ‘சுவரோரம் நில், வேன் நின்ற பிறகு நடந்து வா’ என்பது பிள்ளைக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை, வண்டி இல்லாத நேரத்தில், இரண்டு முறை நடத்திக் காட்டுங்கள். சரியாகச் செய்தால் உடனே பாராட்டுங்கள். ‘நல்ல பிள்ளை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘வேன் நிற்கும்வரை காத்திருந்தாயே, அது நல்லது’ என்று சொல்லுங்கள். எதற்குப் பாராட்டு என்று தெரிந்தால் மறுநாளும் அதையே செய்யும்.

ஆனால் ஏழு வயதுப் பிள்ளை எல்லா நாளும் நினைவாக இருக்காது. மீதிப் பொறுப்பு பெரியவர்களுடையது. லாரிக்குப் பெயர்போன நாமக்கல் பக்கத்தில் இருக்கிறோம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் இறங்கிப் பின்பக்கம் டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று, ‘வரலாம், வரலாம்’ என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். சரக்கு வண்டிக்கு இருக்கும் அந்த வழக்கம் நம் கேட்டுக்குள் இல்லை. வேனும் காரும் தானாகவே பின்னால் வருகின்றன. பம்பர் உயரத்தில் நிற்கும் பிள்ளை கண்ணாடியில் தெரியாது.

ஆகவே சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். பள்ளி வேன்கள் கேட்டுக்கு வெளியே, நம் சுவரோரமாகவே நிற்கட்டும். காலை ஏழரை முதல் எட்டரை வரை, பின்னால் ஆள் நிற்காமல் உள்ளே எந்த வண்டியும் ரிவர்ஸ் வர வேண்டாம். என் மகன் காருக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் காத்திருக்கும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, பெற்றோர் முறை வைத்து ஒருவர் நிற்கட்டும்.

ஆபீஸுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகும். சிலர் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். இரண்டு முறையும் விதி பிறந்தது ஒரு குழந்தை போன பிறகுதான். நம் குடியிருப்பின் விதியை அதற்கு முன்பே எழுதிவிடலாம். திங்கட்கிழமை முதல் வாரம் நான் நிற்கிறேன். அடுத்த வாரத்துக்கு யார் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுங்கள்.