அந்த ஸ்கிரீன்ஷாட்டை என்ன செய்யலாம்?

இன்னைக்கு நாம பேசப்போவது பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். உண்மையானது, கண்ணியமானது, நீதியானது, தூய்மையானது என்று பவுல் ஒரு லிஸ்ட் போட்டு, இவற்றையே சிந்தியுங்கள் என்கிற இடம். நம்மில் பலர் சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்ததுதான்.

என் கதையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். ஆபீஸில் ரிலீஸ் நேரம் என்று நான் ஊருக்குப் போகலை. அக்கா வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினாங்க: "உனக்கு வேலைதான்டா அம்மா." அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சேன். நாலு மாசம் அக்காவிடம் பேசலை. ராத்திரி ஒரு மணிக்கு அதைத் திறந்து படிப்பேன். படிக்கப் படிக்க கோபம் புதுசாகும்.

அப்போ இந்த வசனம் எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. 'பாசிட்டிவா யோசி' என்கிற ரீல்ஸ் மாதிரி தோணுச்சு. ஆனா ஒருநாள் அதிகாரத்தை முதலில் இருந்து வாசிச்சேன். 2-ஆம் வசனத்திலேயே இரண்டு பெண்கள் வர்றாங்க: எயோதியாள், சிந்திகேயாள். இரண்டு பேரும் ஒருமனப்பட வேண்டும் என்று பவுல் கேட்டுக்கொள்கிறார். என்ன பிரச்சினை, யார் மேல் தப்பு, ஒரு வார்த்தை இல்லை. ஆனா இருவரும் தன்னோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்பதை மறக்காமல் எழுதுகிறார். அதுவும் சிறைக்காவலில் இருந்து எழுதுகிற கடிதத்தில்!

அதாவது, லிஸ்ட்டைக் கொடுப்பதற்கு முன்னாடியே அவர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

இன்னொரு விஷயம். 'சிந்தியுங்கள்' என்ற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல், கணக்குப் பார்ப்பதற்கும் பயன்பட்ட சொல். கணக்கு என்றால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி மூடிவிட முடியாது, இல்லையா? லிஸ்ட்டில் முதலில் வருவதும் 'உண்மை'தான். வலிக்கவில்லை என்று நடிக்கச் சொல்லவில்லை.

நானும் கணக்குப் பார்த்தேன். அக்காவின் வார்த்தை வலித்தது, உண்மை. ஆஸ்பத்திரியில் ஒன்பது ராத்திரி ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கினது அக்கா, அதுவும் உண்மை. என் காலேஜ் ஃபீஸுக்கு வளையலை அடகு வெச்சதும் அவங்கதான். கடைசியா ஒன்று, எழுதவே மனசு வரலை: நான் போயிருக்க முடியும். போகலை.

கண்ணியமானதைச் சிந்திப்பது, மத்தவங்க செய்த தப்பை மறைப்பது இல்லை. தப்பைவிட அந்த மனுஷி பெரியவங்க என்று பார்ப்பது. நம்மை கர்த்தர் அப்படித்தானே பார்க்கிறார்?

அன்னைக்கே போன் பண்ணி, "அக்கா, நான் வந்திருக்கணும்" என்றேன். ரொம்ப நேரம் அமைதி. அப்புறம், "ம்ம்... நானும் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றாங்க. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனா பேசறோம். அந்த ஸ்கிரீன்ஷாட் இப்போ என் போனில் இல்லை.

இந்த வாரம் உங்க மனசில் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு முகத்தை எடுத்துக்கோங்க. அவரைப் பற்றி உண்மையும் கண்ணியமுமான மூன்று விஷயங்களை எழுதுங்க. எழுதியதை ஜெபத்தில் கர்த்தரிடம் வாசித்துக் காட்டுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!