கல்லில் விழுந்த கீறல்
(உத்தம க்ஷமை நாளில் ஆற்றப்பெற்ற உரை)



தசலக்ஷணப் பருவத்தில் போற்றப்பெறும் பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை, தமிழில் பொறை. அதற்குப் பகையாகிய சினத்தை ஆகமங்கள் நான்காக வகுத்துள்ளன. நீரில் இட்ட கோடு போன்ற சினம் ஒரு முகூர்த்தத்திற்குள் மறையும். மணற்கோடு போன்றது 15 நாள் நிற்கும். நிலத்தின் வெடிப்புப் போன்றது 6 திங்கள் நிற்கும். அதனையும் கடந்து, பிறவிதோறும் தொடரவல்லது கல்லின் கீறல் போன்ற சினம். அனந்தானுபந்தி என்பது அதன் பெயர்.

வந்தவாசிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். பகலில் உழவு, மாலையில் ஜினாலயத்தில் ஆர்மோனியம் வாசித்துத் தோத்திரம் பாடுவார். உறவினர் இல்லத் திருமணத்தில் கச்சேரி செய்யப் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் வந்திருந்தார். ஆதிநாதர்மேல் தாம் இயற்றிய பாடலைத் தாளில் எழுதி, அதனை அவையில் பாட வேண்டுமெனப் பணிந்து கொடுத்தார் பெரியவர். பாடகர் அதனை வாங்கி வெற்றிலைத் தட்டின் கீழ் வைத்தார். கச்சேரி முடிந்து அவர் சென்ற பின், சுண்ணாம்புக் கறை படிந்து அந்தத் தாள் பாயின்மேல் கிடந்தது.

பாடகர் மறந்தாரா, மதியாமல் விட்டாரா என்று பெரியவர் கேட்கவில்லை. அன்று முதல் அவ்வீட்டு வானொலியில் அந்தக் குரல் ஒலித்ததில்லை. பெரியவரின் மகளுக்கு இயல்பிலேயே நல்ல சாரீரம். அவ்வூருக்கு மாற்றலாகி வந்த இசையாசிரியர் ஒருவர் ஊதியம் பெறாமல் கற்பிக்க முன்வந்தார். அவர் அந்தப் பாடகரின் மாணவர் என அறிந்ததும் தந்தை மறுத்துவிட்டார். ஒருவர் தம்மேல் சினந்திருப்பதையே அறியாத பாடகருக்கு இதனால் இழப்பில்லை. இழந்தவர் மகளே.

கொங்குவேளிரின் பெருங்கதையிலும் ஒரு தந்தை உண்டு. பிரச்சோதன மன்னன் உதயணன்மேல் பகை கொண்டு, பொய்யானையால் வஞ்சித்து அவனைச் சிறைப்படுத்தியவன். எனினும், மதங்கொண்ட நளகிரி யானையை உதயணன் அடக்கியபின், அந்தப் பகைவனையே தன் மகள் வாசவதத்தைக்கு யாழாசிரியனாக்கினான். மகளின் கல்விக்குத் தன் பகை தடையாக நிற்க அவன் விடவில்லை.

பெரியவர் மறைந்தபின் சாத்திர நூல்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது, கறையோடு அந்தத் தாள் இருந்தது. அதன்பின் அவர் வேறு பாடல் எழுதவே இல்லை என்பதும் அன்றுதான் வீட்டார்க்குப் புலனாயிற்று. பாடகரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். மன்னிக்க வேண்டியவரும் இல்லை; மன்னிப்புப் பெற வேண்டியவரும் இல்லை. தந்தையின் நிலத்தைப் பெற்றதுபோல் அவர் சினத்தையும் பெற்றுக்கொள்வதா என்னும் வினா மட்டும் மகள்முன் நின்றது.

அவ்வம்மையார் தம் பேத்தியை அந்தப் பாடகரின் வழிவந்த ஆசிரியை ஒருவரிடமே இசை கற்கச் சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, உத்தம க்ஷமை நாளில் அச்சிறுமி ஜினாலயத்தில் முதன்முதலாகப் பாடியது, கறை படிந்த தாளில் இருந்த பாடலையே.

நிலத்தையும் வீட்டையும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க வேண்டும். சினமோ எழுதாமலே அவர்களைச் சேர்ந்துவிடும். ஆகவே, இப்பருவத்தில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டும்போது, பெற்றோர் விட்டுச் சென்ற பகை ஏதேனும் இல்லத்தில் இருப்பின், அதனையும் சேர்த்து இறக்கி வைத்தல் நன்று.